பழைய காரின் ஆக்ஸிஜன் சென்சார்: மாற்றுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்

ஷா ஆலம் – பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய புரோட்டோன் வீரா, வாஜா, பெரோடுவா மைவி கார்களை இன்னமும் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மவர்களிடையே நிறைய உண்டு. கடன் கட்டி முடிந்த கார். வேலைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் அது ஒன்றுதான். அப்படிப்பட்ட காரில் ஒரு நாள் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரியத் தொடங்கும். பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, “ஆக்ஸிஜன் சென்சார் போச்சு, மாத்தணும்” என்பார்கள். இருநூறோ முந்நூறோ வெள்ளி கைமாறும். சில வேளை அதோடு கோளாறு தீர்ந்துவிடும். சில வேளை இரண்டு வாரத்தில் அதே விளக்கு, அதே குறியீட்டோடு மீண்டும் எரியும்.

இந்த இரண்டாவது நிலைக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். சென்சார் கெட்டிருக்காது, அது சொன்ன செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். செய்தி கொண்டு வந்தவனைத் தண்டித்த கதைதான். எனவே கழற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டியவை எவை, மாற்றத்தான் வேண்டும் என்றால் எப்படி மாற்றுவது என்பதை இங்கே பார்ப்போம். சோதனைகளுக்கு முப்பது நாற்பது வெள்ளி மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அது என்ன செய்கிறது?

பெட்ரோல் முழுமையாக எரிய, எடை அளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இந்த விகிதம் தவறினால் எண்ணெய் வீணாகும், அல்லது எஞ்சின் திணறும். புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறது என்று பார்த்து எஞ்சின் கணினிக்குச் சொல்கிறது. கணினி அதற்கேற்ப எண்ணெயைக் கூட்டும், குறைக்கும்.

சென்சாரின் நுனியில் இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான் வகை. அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரு பக்கத்து ஆக்ஸிஜன் அளவும் வேறுபடும்போது ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. எண்ணெய் அதிகமானால் 0.8, 0.9 வோல்ட் வரை ஏறும்; காற்று அதிகமானால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். நடுக்கோடு 0.45 வோல்ட். சூடு 300 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் இது வேலை செய்யும். அதனால்தான் பிற்கால சென்சார்களுக்குள் ஒரு சிறு ஹீட்டர் வைத்தார்கள். போஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக, 1976-இல் அமெரிக்கச் சந்தைக்குப் போன வோல்வோ கார்களில்தான் இது முதலில் பொருத்தப்பட்டது. காற்று–எரிபொருள் விகிதத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்தை ஒட்டி இதை ‘லாம்டா சென்சார்’ என்றும் சொல்வார்கள். ‘உயிர்வாயு உணரி’ என்று தமிழில் அழகாகச் சொல்லலாம். ஆனால் உதிரிபாகக் கடையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது.

எல்லாப் பழைய காரிலும் இது இருக்காது. 1985 ஜூலை 9-இல் அறிமுகமாகி, ஷா ஆலம் ஆலையிலிருந்து வெளிவந்த முதல் தலைமுறை சாகாவும், அதன் பின் வந்த இஸ்வாராவும், பழைய கஞ்சிலும் பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிகள். சென்சார் மாற்ற வேண்டும் என்று அந்த வண்டிகளுக்கு யாராவது சொன்னால், முதலில் அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை கொண்ட வீரா, சத்ரியா, வாஜா, ஜென்-2, பெர்சோனா, மைவி, விவா போன்றவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இரண்டு இருந்தால் ‘கெட்டலிட்டிக்’ எனப்படும் புகைச் சுத்திகரிப்பானுக்கு முன்னால் இருப்பது எண்ணெயைக் கட்டுப்படுத்துவது. பின்னால் இருப்பது கெட்டலிட்டிக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிப்பது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கையைக் கடிக்கும் கோளாறு

முன் சென்சார் சோர்ந்துபோனால் கார் உடனே நின்றுவிடாது. அதுதான் இதில் உள்ள சிக்கல். ஓடிக்கொண்டே இருக்கும், எண்ணெய் மட்டும் கூடுதலாகக் குடிக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சின் லேசாகத் தள்ளாடும். புகையில் பெட்ரோல் வாடை வரும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி பூசியது போல் கறுத்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடித்த கார் இப்போது 10 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷா ஆலமிலிருந்து தினமும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து கோலாலம்பூர் போய் வருபவருக்கு மாதம் 1,500 கிலோமீட்டர் எளிதாக ஓடிவிடும். 120 லிட்டரில் முடிய வேண்டியது 150 லிட்டராகிறது. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தின் 1 ரிங்கிட் 99 சென் விலையில் கணக்கிட்டாலும் மாதம் 59 ரிங்கிட் 70 சென் வீண். ஓராண்டுக்கு எழுநூறு வெள்ளியைத் தாண்டும்.

அதைவிடப் பெரிய செலவு பின்னால் காத்திருக்கிறது. எரியாத பெட்ரோல் கெட்டலிட்டிக்குக்குள் போய் எரிந்தால், அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். அதன் விலையோடு ஒப்பிட்டால் சென்சார் விலை ஒன்றுமில்லை. “கெட்டலிட்டிக்கை வெட்டி எடுத்துட்டு நேர் குழாய் போட்டுடலாம், பழசுக்குக் காசும் கிடைக்கும்” என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். பெட்ரோல் வாகனங்களின் புகை வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகள் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1996-இலிருந்தே நம் நாட்டில் நடப்பில் உள்ளன. தவிரவும், எண்ணெய் அதிகமாகக் குடிக்கும் கோளாறு அதனால் தீரப்போவதில்லை.

குறியீடு சொல்வது பாதிதான்

கெம்ப்ரோ எஞ்சின் கொண்ட புரோட்டோன்களும் மைவியும் பொதுவாகச் சாதாரண ஓபிடி ஸ்கேனரோடு பேசும். மிட்சுபிஷி எஞ்சின் கொண்ட பழைய வீரா பலவற்றில் இணையத்தில் வாங்கும் மலிவான புளூடூத் கருவி தொடர்புகொள்ளாது. அவற்றுக்குப் பட்டறையில் உள்ள உரிய ஸ்கேனர் வேண்டும். அல்லது மிட்டல் எண்ணிக்கையைக் கொண்டு குறியீட்டைப் படிக்கும் பழைய முறை. மிட்சுபிஷியின் அந்த முறையில் 11 என்பது ஆக்ஸிஜன் சென்சார்.

ஓபிடி குறியீடுகளில் பி0130 முதல் பி0135 வரை முன் சென்சாரையும், பி0136 முதல் பி0141 வரை பின் சென்சாரையும் குறிப்பவை. பி0135, பி0141 இரண்டும் ஹீட்டர் சம்பந்தப்பட்டவை. இவை வந்தால் சோதனை எளிது. பி0133 என்றால் சென்சார் மெதுவாகப் பதிலளிக்கிறது. வயதான சென்சாரில் இது நம்பத்தக்க அறிகுறி.

பி0171-தான் ஆளை ஏமாற்றும். கலவையில் காற்று அதிகம் என்று கணினி சொல்கிறது. பலர் உடனே சென்சாரை மாற்றுகிறார்கள். ஆனால் சென்சார் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே காற்று அதிகமாக இருக்கலாம். நம் ஊர் வெயிலில் பானெட்டுக்கு அடியில் இருபது ஆண்டு வெந்த ரப்பர் குழாய்கள் வெடித்து, அளக்கப்படாத காற்று உள்ளே நுழைந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைந்திருக்கலாம். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாய் கேஸ்கெட் ஓட்டையாகி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கலாம். இன்னொன்றும் உண்டு: ஒரு சிலிண்டரில் பிளக் தீப்பொறி விடாவிட்டால், எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் சேர்ந்தே வெளியே வரும். சென்சாருக்குப் பெட்ரோலைத் தெரியாது. ஆக்ஸிஜனை மட்டும்தான் தெரியும். அது ‘காற்று அதிகம்’ என்று சொல்ல, கணினி மேலும் எண்ணெயை ஊற்றும். பிளக் கேபிளில் இருந்த கோளாறுக்குச் சென்சார் பலியாகிவிடும்.

ஆகவே முதல் வேலை கண்ணாலும் காதாலும் பார்ப்பது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இயக்கி, புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் ‘டிக் டிக்’ என்ற சத்தம் வருகிறதா, கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வேக்யூம் குழாய் ஒவ்வொன்றையும் விரலால் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பிளக்கும் கேபிளும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் சென்சார் மீது சந்தேகப்பட வேண்டும்.

மல்டிமீட்டர் சோதனை

நான்கு ஒயர் கொண்ட சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருக்கு உரியவை. போஷ், என்டிகே தயாரிப்புகளில் பொதுவாக வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் நிறம் எர்த். டென்சோ தயாரிப்புகளில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். இது சென்சார் பக்கத்து ஒயர் நிறம்; சொக்கெட்டுக்கு அந்தப் பக்கம் காரின் ஒயர் நிறம் வேறாக இருக்கும்.

ஹீட்டரைப் பார்க்க, எஞ்சினை அணைத்து, குளிர்ந்த பின் சொக்கெட்டைக் கழற்றி, ஹீட்டர் ஒயர் இரண்டுக்கும் இடையே ஓம் அளவு எடுங்கள். பெரும்பாலான சென்சார்களில் சில ஓமிலிருந்து பதினைந்து ஓமுக்குள் இருக்கும். மீட்டர் எதையும் காட்டாமல் திறந்த நிலை என்று சொன்னால் ஹீட்டர் அறுந்துவிட்டது. சென்சார் மாற்ற வேண்டியதுதான். ஓம் சரியாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது கார் பக்கத்து சொக்கெட்டில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பியூஸ் எரிந்திருக்கலாம். இரண்டு வெள்ளி பியூஸுக்காக முந்நூறு வெள்ளி சென்சார் மாற்றப்படுவது நடக்காத ஒன்றல்ல.

சிக்னல் சோதனைக்கு டிஜிட்டல் மீட்டர்தான் வேண்டும். முள் காட்டும் பழைய மீட்டர் சென்சாரின் சிறு மின்சாரத்தை இழுத்துத் தவறான அளவைக் காட்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சொக்கெட் மாட்டிய நிலையிலேயே சிக்னல் ஒயரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து வையுங்கள். நல்ல சென்சாரில் எண் ஓயாமல் ஏறி இறங்கும், 0.2-க்குக் கீழேயும் 0.7-க்கு மேலேயும் விரைவாக மாறி மாறிப் போகும். 0.4, 0.5 என்ற இடத்திலேயே சோம்பிக் கிடந்தால் சென்சார் செத்துவிட்டது, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது.

ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் அவசரப்பட வேண்டாம். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்து விடுங்கள். மிதித்த நொடியில் 0.8-ஐத் தாண்டி, காலை எடுத்ததும் 0.2-க்குக் கீழே விழுந்தால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. எதற்கும் அசையாமல் நின்றால்தான் சென்சார் குற்றவாளி.

பின் சென்சாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது ஆடாமல் அசையாமல் 0.6, 0.7 வோல்ட் அருகே நிற்பதுதான் நல்லது. முன் சென்சாரைப் போலவே அதுவும் குதித்தால் கெட்டலிட்டிக் தேய்ந்துவிட்டது என்று பொருள். பி0420 குறியீட்டுக்குப் பின் சென்சாரை மாற்றினால் பணம்தான் போகும். மேலும், சில ஜப்பானிய கார்களில் இருப்பது ‘ஏ/எஃப் சென்சார்’ என்ற வேறு வகை. அதை இந்த முறையில் மல்டிமீட்டரால் அளக்க முடியாது. ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். உங்கள் காரில் எது இருக்கிறது என்று பாக எண்ணை வைத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த கார்கள்

2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதை ஷா ஆலம் வாசிகள் மறக்க மாட்டார்கள். அப்போது நீரில் நின்ற கார்கள் பல, கழுவிக் காயவைத்து மீண்டும் சாலைக்கு வந்தன. கை மாறி விற்கப்பட்டவையும் உண்டு. அப்படிப்பட்ட காரில் இந்தக் கோளாறு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சொக்கெட்டை. பச்சை பூத்த செம்பு முனை ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிக்னலை எளிதாக விழுங்கிவிடும்.

அதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சென்சாருக்குத் தேவையான வெளிக்காற்று பல வகைகளில் ஒயரின் உள்ளே, செம்பு இழைகளுக்கு இடையேயான இடைவெளி வழியாகத்தான் போகிறது. சேற்று நீர் அதற்குள் புகுந்தால் சென்சாரால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல காற்று இல்லை. அதே காரணத்தால் சென்சார் ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைப்பதும், சொக்கெட்டுக்குள் கிரீஸ் அப்புவதும், ஸ்பிரே அடிப்பதும் கூடாது. ஈயம் அந்த இடைவெளியை அடைத்துவிடும். எல்லாக் காருக்கும் பொருந்தும் ‘யுனிவர்சல்’ சென்சார் வாங்கி ஒயரை இணைக்க நேர்ந்தால், உடன் வரும் அழுத்தி இணைக்கும் முனைகளையே பயன்படுத்த வேண்டும்.

மாற்றும் வேலை

வாங்கும்போது காரின் மாடல், ஆண்டு, எஞ்சின் மூன்றையும் சொல்லுங்கள். முடிந்தால் பழைய சென்சாரில் பொறித்திருக்கும் எண்ணையும். வாஜா என்று மட்டும் சொன்னால் போதாது. மிட்சுபிஷி எஞ்சின் வாஜாவும் உண்டு, 2006-இல் வந்த கெம்ப்ரோ வாஜாவும் உண்டு. கிள்ளான் வட்டாரத்து ஹாஃப்-கட் கடைகளில் பழைய சென்சார் மலிவாகக் கிடைக்கும். கதவு, விளக்கு, கியர்பெட்டி என்றால் அங்கே வாங்குவதில் தவறில்லை. சென்சார் அப்படியல்ல, ஓட ஓடத் தேயும் பொருள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாத ஒன்றை வாங்கிப் பொருத்துவது வீண். பிரபல பெயர் அச்சிட்ட பெட்டியில் மிக மலிவாக வருபவையும் போலியாக இருக்கலாம்.

கழற்றுவதுதான் கடினம். பல ஆண்டு சூட்டில் மரை இறுகிப் போயிருக்கும். எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போது திருகினால் இளகும். கொதிக்கும் சூட்டில் தொட்டால் கை வெந்துவிடும். தடித்த கையுறை அவசியம். துருவை இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்து வைத்தால் நல்லது. பெரும்பாலான சென்சார்களுக்கு 22 மில்லிமீட்டர் சாவி. ஒயர் நுழைய ஒரு பக்கம் பிளந்திருக்கும் சென்சார் சொக்கெட் இருந்தால் மூலை தேயாது. காருக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். தாங்கு கால் வைத்த பிறகே உள்ளே போக வேண்டும். கொஞ்சம் அசைந்து மறுபடி இறுகினால், முன்னும் பின்னுமாக மெல்லத் திருகுங்கள். வலுக்கட்டாயமாக இழுத்தால் குழாயின் மரையும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அந்த நிலை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அனுபவமுள்ள போமனிடம் விடுவது செலவைக் குறைக்கும்.

புதிய சென்சாரின் மரையில் வழக்கமாகப் பசை தடவியே வரும். இல்லையென்றால் அதற்கென்று உள்ள பசையை மரையில் மட்டும் தடவ வேண்டும். நுனியில் ஒரு துளி பட்டாலும் கெடும். சிலிக்கோன் பசை கிட்டவே வரக்கூடாது. கையால் திருகி உட்கார வைத்து, பிறகு சாவியால் இறுக்குங்கள். 18 மில்லிமீட்டர் மரைக்கு 40 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் போதும். ஒயரைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டி, புகைக்குழாயைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் விழுந்த சென்சாரைப் பொருத்த வேண்டாம். உள்ளே பீங்கான் விரிந்திருக்கும்.

பழையதைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் நுனியைப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் எண்ணெய் அதிகமாக எரிந்திருக்கிறது. வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் கேஸ்கெட் சிலிக்கோனோ, ரேடியேட்டர் நீரோ உள்ளே போயிருக்கலாம். பழுப்புப் பிசுக்கு என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதிய சென்சாரும் சில மாதங்களில் அதே நிலைக்கு வரும்.

பொருத்தி முடித்ததும் ஸ்கேனரால் குறியீட்டை அழித்துவிட்டு, நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாக இரண்டு மூன்று நாள் ஓட்ட வேண்டும். கணினி பழைய சென்சாருக்கு ஏற்பப் பழகிய கணக்கை மாற்றிக்கொள்ள அவ்வளவு நேரம் எடுக்கும். அதன் பின் ஸ்கேனரில் ‘லோங் டெர்ம் பியூவல் டிரிம்’ என்ற அளவைப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து கூட்டியோ குறைத்தோ பத்து விழுக்காட்டுக்குள் நின்றால் வேலை முடிந்தது. இருபதைத் தொட்டால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது பெட்ரோல் அழுத்தம் சரியில்லை. இன்னொரு சென்சார் வாங்கக் கிளம்ப வேண்டாம், குழாய்களிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.